பரமலிங்கத்தின் பொதுவயல்

1

ருஷ்ய நாவல்களில் அதிகாரமும் பொன்னுலகக் கனவும் என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘அந்த நாவல்களில் ஏழைகளுக்காக உருகுகிறவர்கள், ஆணையிடும் இடத்துக்கு வந்ததும்...’

வாக்கியம் அப்படியே நிற்கிறது. நெடுங்கேணியில் கமலாசனி அம்மா தன் கணவரைப் பற்றிச் சொன்னது குறுக்கே வந்துவிட்டது.

2

அவர் பெயர் பரமலிங்கம். ஐம்பதுகளின் கடைசியில், குளத்துக்குக் கீழே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். உடுப்பைவிடப் புத்தகம்தான் அதிகம் கொண்டுவந்தார். எல்லாம் தமிழில் பெயர்த்த ருஷ்ய நாவல்கள். பொழுதுபட அயலவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். பிரபுவும் அடிமையும் இல்லாத ஊரை இங்கேயே உண்டாக்கலாம் என்று சொல்லிச் சொல்லி, ஏழு குடும்பங்களை வரம்பை வெட்டிவிட்டு ஒன்றாக விதைக்க வைத்தார். முதற்போகம் நன்றாக விளைந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாய்க்கால் கதவுப் பூட்டின் திறப்பை எல்லாருமாக அவர் கையில் கொடுத்தார்கள்.

(இங்கே அவரைப் பேராசைக்காரராக்கினால் எனக்கு எழுதச் சுலபம். ஆனால் தன் பங்கு நெல்லை நோயாளி இருந்த வீடுகளுக்கு அள்ளிக் கொடுத்த மனிதர் அவர்.)

3

அடுத்த வருடம், அந்த ஏழு குடும்பத்தில் ஒருவரான ஐயாத்துரை தன் காணியைப் பிரித்துத் தரச் சொன்னார். மனைவி காய்ச்சலில் கிடந்ததால் பொதுவேலைக்கு அவரால் ஒழுங்காக வர முடியவில்லை. அதற்காகப் பேச்சு வாங்கவும் மனமில்லை. பரமலிங்கம் பிரித்துக் கொடுத்தார். ஆனால் பிரிந்த காணிக்குத் தண்ணீர் இல்லை என்றார். ஒருவரை விட்டால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று பயம். கதிர் தள்ளும் பருவத்தில் அந்தக் காணிக்குப் பாயும் வாய்க்கால் கதவைப் பூட்டினார்.

சோறு போட்டபடி கமலாசனி கேட்டாராம்:

“நீங்கள் வாசிக்கிற கதையளிலை, இப்பிடிக் கதவைப் பூட்டுறவன் ஆர்?”

அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்தான். அது வேறு யாரையோ பற்றியது என்று நினைத்திருந்தார்.

மனம் இளகித் திறந்தபோது, தண்ணீர் பதரைத்தான் நனைத்தது. ஐயாத்துரை குடும்பம் பஸ் ஏறிப் போயிற்று. மற்றவர்கள் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொருவராக வரம்பைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள்.

4

முதலில் எழுதிய முடிவு: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் பரமலிங்கமும் ஐயாத்துரையும் சந்தித்து, கண்ணீரோடு ஒருவரையொருவர்...

அடித்துவிட்டேன். நடந்தது வேறு.

சில வருடம் கழித்துப் பரமலிங்கம் சைக்கிளில் தேடிப் போனார். முள்ளியவளைப் பக்கம் இன்னொருவர் வயலில் ஐயாத்துரை கூலிக்கு நின்றார். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போயிருந்தார் பரமலிங்கம். முன்பு அவரோடு வரம்பில் குந்தியிருந்து சுருட்டுப் பிடித்த ஐயாத்துரை, இப்போது அவரைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

“என்னிலைதான் பிழை அண்ணை. நீங்கள் வரச்சொன்னால் வாறன்.”

5

அதுவரைதான் பரமலிங்கம் மனைவிக்குச் சொன்னாராம். என்ன பதில் சொன்னார் என்பது கமலாசனிக்கும் தெரியாது.

நானும் எழுதிப் பார்த்தேன். ‘வா’ என்றாலும் ஆணை, ‘வராதே’ என்றாலும் ஆணை. மன்னிப்புக் கேட்டால், அதையும் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு ஐயாத்துரை உடனே மன்னித்துவிடுவார்.

வெயிலில் சைக்கிளைப் பிடித்தபடி பரமலிங்கம் நிற்கிறார். எதிரே ஐயாத்துரை காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள், அவர் என்ன சொல்லலாம்?