பிழியாத ஜீன்ஸ்

இஸ்திரி பிடித்த கை அன்று தண்ணீரில் படக் கூடாது. பட்டால் பாஸ்மா வரும், நரம்பு இழுத்துக்கொண்டு கை நடுங்கும் என்பார்கள். இலோய்லோ நகரில் அந்தத் தெருவே அப்படித்தான் நம்பியது. ரோசெண்டாவுக்குப் பிள்ளைகளின் பள்ளி நாளெல்லாம் விடியலில் சீருடை இஸ்திரி. பாத்திரம் கழுவுவதை நாத்தனார் டெல்யா பார்த்துக்கொள்வாள். துணி மட்டும் சேர்ந்து சேர்ந்து, இஸ்திரி இல்லாத சனிக்கிழமையில் மலையாகக் குவியும்; அத்தனையும் அவளே துவைப்பாள்.

விரல் மூட்டுகள் வீங்கிப்போய் அவள் சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் விரலை மடக்கிப் பார்த்தாள்.

"ஒரே நாள்ல இவ்வளவும் துவைக்காதீங்க. தினம் கொஞ்சம். விரலால முறுக்காம, குழாய்த் தண்டுல துணியச் சுத்தி இழுங்க. வாளிய அரைவாசி நிரப்பி அணைச்சுத் தூக்குங்க. இப்படியே விட்டா விரல் கோணிக்கிட்டே நின்னுடும்."

வெள்ளிக்கிழமை இஸ்திரி முடிந்ததும் ரோசெண்டா நேராகப் போய், ஊறிக்கிடந்த தொட்டிக்குள் கையை விட்டாள்.

"அடியே, எடுடி கைய," என்றாள் டெல்யா. "பாஸ்மா வந்து படுத்தா யாரு பாக்குறது?"

"இப்ப மட்டும் யாரு பாக்குறீங்க? போன வாரம் சோத்துக் கரண்டி நழுவி விழுந்துச்சு. இவளுக்கு ஊட்டி விடணும்போலன்னு சிரிச்சீங்க."

மூன்றுசக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் இசித்ரோ எழுந்து வந்தான்.

"நர்ஸ் பேச்சைக் கேட்டு ஆடாத. உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்."

ரோசெண்டா தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக அவள் நல்லதுக்கென்று சொல்லித்தானே இந்த மலையைக் குவித்தார்கள்.

"என் நல்லதுக்குன்னா நீ துவை. நீ இஸ்திரிப் பெட்டியத் தொட்டதே இல்ல. உனக்கு எப்படிப் பாஸ்மா வரும்?"

நீர் சொட்டச் சொட்ட அவனுடைய ஜீன்ஸை எடுத்து அவன் நெஞ்சோடு அழுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நான விருந்துக்கு இதத்தானே போடணும்? பிழி."

அவன் முறுக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முறுக்கினான். பாதித் தண்ணீர் உள்ளேயே நின்றது. மணிக்கட்டை உதறினான்.

"என்ன, பாஸ்மாவா?" என்றாள் ரோசெண்டா.

டெல்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பி முறைத்ததும் புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அவன் ஜீன்ஸை அப்படியே கொடியில் வீசிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையிலும் அது சொட்டிக்கொண்டிருந்தது. ரோசெண்டா பிள்ளைகளின் சட்டைகளை மட்டும் அலசி, தண்டில் சுற்றி இழுத்து உலர்த்தினாள். மீதிக் கூடையைக் காலாலேயே, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த இசித்ரோ பக்கம் தள்ளினாள். காப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. அதை நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது.

கோப்பை பாதி காலியானது. பிறகு தொட்டியில் தண்ணீர் சலசலத்தது. ஈரத் துணியை யாரோ மூச்சுப் பிடித்து முறுக்கும் ஒலி கேட்டது.

"தண்டுல சுத்து," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.