தாலாட்டின் மூன்றாவது அடி

1
இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "அந்தக் காலத்துல கொடைக்கானல்ல இத்திஷ் பேசறவங்க ரெண்டே பேருங்க. அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது" என்று சொல்லிவிட்டு வத்தலக்குண்டில் இறங்கிப் போய்விட்டார். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

(இத்திஷ், ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. துணிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2
1958. ஏரியின் மேல் மூடுபனி மெல்ல மெல்ல...

வேண்டாம். கொடைக்கானலை எழுதுகிற எல்லாரும் இந்த மூடுபனியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நேராக மெண்டலிடம் போவோம்.

மெண்டல் போலந்தின் லூப்ளின்காரர். பள்ளிக்கூடத்துப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். ரிவ்கா அம்மாள் வில்னா நகரத்தவர், பங்களாக்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பவர். இருவரின் சொந்தபந்தத்தையும் போர் விழுங்கிவிட்டது. (இங்கே இரண்டு பக்கம் சோகம் எழுதினேன். ரிவ்கா அம்மாள் முறைத்தார். கிழித்துவிட்டேன்.)

3
பகைக்குக் காரணம் மீன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் யூதர்களுக்கு ஓய்வுநாள். அன்றைய விருந்துக்கு மீனை முள்ளெடுத்து அரைத்து, உருண்டை பிடித்து வேகவைத்து, மேலே ஒரு காரட் வில்லை வைப்பார்கள். வில்னாவில் அதற்கு மிளகு. லூப்ளினில் சர்க்கரை. மூன்று வருஷத்துக்கு முன் ரிவ்கா அம்மாள் ஆசையாகக் கூப்பிட்டு விருந்து வைத்தபோது, மெண்டல் ஒரு வாய் தின்றுவிட்டுச் சர்க்கரைக் கிண்ணம் கேட்டார். அவ்வளவுதான்.

4
ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மெண்டல் தன் அம்மாவின் தாலாட்டை முணுமுணுத்தார். இரண்டு அடி வந்தது. மூன்றாவது வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். வரவில்லை. அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த அடி போனால் நாளைக்கு இன்னொன்று போகும். அம்மாவின் நினைவாக மிச்சமிருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

பக்கத்து மலைக்கிராமம் பூண்டியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் காரட் கொண்டுவரும் சோலையம்மாளிடம் கெஞ்சினார். "அந்தம்மாகிட்டக் கேட்டுட்டு வர்றியா?"

"பாட்டை நான் எப்படிங்க கூடையில தூக்கிட்டு வருவேன்? எனக்குச் சோலி கெடக்கு. வெரசா கெளம்புங்க, நீங்களே கேளுங்க."

5
கண்ணீர் மல்கக் கதவைத் திறந்தார் ரிவ்கா...

பொய். கையெல்லாம் மாவோடு, எரிச்சலாகத் திறந்தார். மெண்டல் இரண்டு அடி பாடி நின்றார். ரிவ்கா அம்மாளின் முகம் மாறியது. மூன்றாவது அடியை அவர் பாடினார்.

"தப்பு!" என்று கத்தினார் மெண்டல்.

ரிவ்கா அம்மாள் பாடியது வில்னாப் பாட்டு. அதை மறுக்க மெண்டல் வாயைத் திறந்ததுமே லூப்ளின் அடி, அம்மாவின் அடி, தானாக வந்து விழுந்தது. ரிவ்கா அம்மாள் அதைத் தப்பு என்றார். பிறகு ஒரு மணி நேரம் இத்திஷில் நடந்த ரகளையை என்னால் எழுத முடியாது. மொழி தெரியாததன் தண்டனை.

வாசலில் சோலையம்மாள் பதறிப்போனாள். "என்னங்க, சண்டையா?"

"ஆமா சோலை!" மெண்டலின் முகமெல்லாம் சிரிப்பு. "இப்படி ஒரு சண்டை போட்டு மூணு வருசமாச்சு!"

6
ரிவ்கா அம்மாள் அவரைச் சாப்பிடச் சொன்னாரா, கதவைச் சாத்தினாரா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து அவர்களைச் சமாதானப்படுத்திவிடாதீர்கள்.