குணாளனின் காலி இலை

ஆறு மணி நேரம் பேசாமல், அசையாமல், ஒரு காலி வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் குணாளனின் கலைப்படைப்பு. பெயர் ‘பசி’. குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய துணிக்கடை ஒன்றில் கண்காட்சி. சுவரில் பதினொரு ஓவியங்கள், நடுவில் அவன். நான்கு மணிக்கு ஜொகூர் பாருவிலிருந்து தேர்வாளர் தியாகராஜன் வருவார்; ஒரே ஒரு படைப்பை அங்குள்ள பெரிய மண்டபத்துக்கு எடுத்துக்கொள்வார். மூன்று வருஷமாக அவர் கண்ணில் படாத குணாளன், இந்த முறை விடுவதாக இல்லை.

“மூச்சு மட்டும் விடுங்க,” என்றாள் கண்காட்சியை அமைத்த விசாலி. “இலையில ஒன்னும் விழக்கூடாது. அதான் பாயிண்ட்டே.”

பதினொன்றரை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆட்கள் வந்தார்கள், தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள், போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்துச் சாப்பாட்டுக்கடை கஸ்தூரி, விருந்தினருக்குச் சமைத்ததைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இலை போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், பரிமாற நாதியில்லை. அந்த அம்மாளால் அதைத் தாங்க முடியுமா?

“அலமாக்! இலையப் போட்டுட்டு எல்லாரும் எங்க போனீங்க?” என்று இரண்டு கரண்டி சோற்றை வைத்தார்.

விசாலி ஓடி வந்தாள். “அக்கா, அது ஆர்ட்! தொடக்கூடாது!”

“எதுவா இருந்தாலும் சாப்பிட்டுத்தான ஆகணும்லா. மூஞ்சியப் பாரு, வாடிப்போச்சு.”

வாயைத் திறந்தால் ஆறு மணி நேரக் கணக்கு கெட்டுவிடும். குணாளன் கண்ணாலேயே கெஞ்சினான். சாம்பார்தான் கேட்கிறான் என்று கஸ்தூரி அதையும் ஊற்றினார். அவ்வளவுதான், பார்க்க வந்தவர்களுக்கும் கை துறுதுறுத்தது. ஒருவர் பொரியல் வைத்தார், ஒருவர் அப்பளம். ஓவியங்கள் பக்கம் ஈ காக்காய் இல்லை; பரிமாறுகிறவர்களின் வரிசை வாசல் வரை நின்றது. விசாலி என்ன செய்வாள், ஊரார் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கவா முடியும்? கலைக்காகக் காலையிலும் பட்டினி கிடந்த தன்னைத்தானே குணாளன் மனசுக்குள் வைதுகொண்டான்.

தியாகராஜன் வந்தபோது இலையில் இடமே இல்லை. எல்லாம் போச்சு என்று குணாளனுக்கு அழுகை வந்தது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியும் விட்டது. கஸ்தூரி அதை முந்தானையால் துடைத்துவிட்டு, “சாப்பிடுய்யா தம்பி, ஆறிப்போச்சு,” என்றார்.

தியாகராஜன் வெகுநேரம் நின்று பார்த்தார். “இதுதான். இதத்தான் எடுத்துக்கிறோம்.”

குணாளனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தியாகராஜன் நேராக வந்தார், அவனைச் சுற்றிக்கொண்டு போனார், கஸ்தூரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்னா படைப்பும்மா! ஜொகூர் பாருல மூனு மாசம் செய்ய முடியுமா?”

“பரிமாறதுதான? செஞ்சிட்டாப் போச்சு.”

விசாலி குணாளனின் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி, வேறொன்றை எழுதி ஒட்டினாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவன் படித்தான். கலைஞர்: கஸ்தூரி. பயன்படுத்திய பொருள்கள்: வாழையிலை, சோறு, சாம்பார், குணாளன்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பசி அதற்கு முன்னால் வந்து நின்றது. ஆறு மணி நேரத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

“அக்கா, கொஞ்சம் ரசம்.”