கழுவி அனுப்பிய மூச்சுக்குழாய்

கிணற்றுத் தண்ணீரையே கழுவித்தான் ராமாமணி குடத்தில் ஊற்றுவாள் என்று அன்னூரில் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. கழுவுவது குடத்தை மட்டும்தான்.

தொண்ணூற்றெட்டில் அவள் வீட்டுப் பண்ணைக் கோழிகள் இருமிய இருமலில், ஹாரன் என்று நினைத்து மேட்டுப்பாளையம் பஸ் ஓரம் ஒதுங்கி வழிவிட்டது. இருமல் ஓய்ந்த பிறகு இட்ட முட்டைகளெல்லாம் ஓடு சுருங்கிக் கிடந்தன. அடுத்த ஷெட்டில் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. அதுகளுக்கும் வந்துவிட்டால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

கோழி டாக்டர் சென்னகேசவன், செத்த கோழிகளின் மூச்சுக்குழாய்களை ஐஸ் பெட்டியில் கேட்டு வாங்கியிருந்தார். சில நாள் கழித்துக் காலி ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார்.

"லேபுல ஒண்ணுமே கெடைக்கலீங்க. என்ன பண்ணி அனுப்புனீங்க?"

"ரத்தமும் சளியுமா இருந்துச்சுங்க," என்றாள் ராமாமணி. "படிச்சவங்க கையில அப்படியேவா குடுக்கறது? வெந்நி ஊத்தி, மஞ்சத்தூள் போட்டு, நல்லாக் கழுவித்தானுங்க அனுப்புனேன்."

"நாலு மொளகும் போட்டிருந்தா டாக்டரு சோறே உண்டிருப்பாரு," என்றார் அவள் கணவர் லட்சுமணசாமி. யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

"அந்தச் சளிதானுங்க எனக்கு வேணும். இருமல், முட்டை ரெண்டையும் பாத்தா இது கொரோனாங்கற வகை வைரஸ். அதோட சங்கதி பூராவும் ஒரே இழையில எழுதியிருக்குது, ஆர்.என்.ஏ.ம்பாங்க. வெறும் வெரல் பட்டாலே அறுந்துபோயிரும். வெந்நிக்குக் கேக்கோணுமா? அது தன்னையே நகலெடுக்க எடுக்க அங்கங்க எழுத்து மாறிக்கும். என்ன மாறியிருக்குதுன்னு படிச்சாத்தான் குஞ்சுகளுக்கு எந்தத் தடுப்பு மருந்துன்னு சொல்ல முடியும்."

"இன்னொண்ணு அனுப்பிப்போடறனுங்க."

"இருமல் இப்பத்தான் புடிச்ச கோழி வேணுங்க. ஷெட்டுல அத்தனைக்கும் பழசாப்போச்சு."

அப்போது சமையலறைக்குள் ஓர் இருமல் கேட்டது.

வளைந்த காலோடு பொரிந்ததால் ஷெட்டுக்கே போகாமல் அடுப்படியில் வளர்ந்த வெள்ளைக் கோழி அது. ராமாமணி கையால் போட்டால்தான் சோறு கொத்தும். நேற்றுவரை நன்றாக இருந்தது. ஷெட்டிலிருந்து அந்த இழையை அடுப்படிக்குக் கொண்டுவந்தது யார் என்று டாக்டர் கேட்கவில்லை. ராமாமணி குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள்.

"அது வேண்டாம் அம்மணி. வேற பாக்கலாம்," என்றார் லட்சுமணசாமி.

"வேற எங்கீங்க இருக்குது?"

அவளே உள்ளே போய்த் தூக்கி வந்தாள். ஒரு பிடி சோறு ஊட்டினாள். கொத்தும்வரை கொத்தட்டும் என்று டாக்டரும் காத்து நின்றார். பிறகு வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

திரும்பியபோது கையுறை போட்ட அவர் கையில் புட்டி இருந்தது. உள்ளே மூச்சுக்குழாய், ரத்தமும் சளியும் அப்படியே. ராமாமணியின் கையில் எப்படியோ ஒரு செம்புத் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, ஊத்த மாட்டேன்," என்றாள்.

ஐஸ் பெட்டி மூடிக்கொண்டது. கழுவாமல் அந்த வீட்டைவிட்டுப் போன முதல் பொருள் அது. அடுத்த ஷெட்டில் குஞ்சுகள் கத்தின. ஒன்றாவது இருமுகிறதா என்று காதுகொடுத்து, செம்பைக் கீழே வைக்காமல் அவள் வெகுநேரம் நின்றாள்.