மாவுப் பாக்கெட்டில் யார் முகம்?

ரத்தினபாய்க்குச் சிரிப்பு வராது. சிட்லபாக்கத்தில் அவளிடம் இட்லி மாவு வாங்குகிற எல்லோருக்கும் இது தெரியும். மாவு நன்றாக இருந்ததால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பாக்கெட்டில் மட்டும் ஒரு பெண்மணி கன்னம் குழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் ரேஷ்மா ஏஐயிடம், "குடும்பப் பாங்கான அம்மா, கையில் இட்லித் தட்டு" என்று கேட்டு வாங்கிய படம் அது.

ஒருநாள் ப்ரியா டீச்சர் பாதி மாவோடு ஒரு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா இது, வாயில வைக்க முடியல. இப்படிப் புளிக்குது!"

முகர்ந்து பார்த்ததுமே ரத்தினபாய்க்குத் தெரிந்துவிட்டது. படம் அவளுடையது, மாவு அவளுடையதல்ல. பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை போட்ட வெற்றிவேலின் வேலை. நேரே போய் நின்றாள்.

"யாரைக் கேட்டுடா என் படத்தைப் போட்ட?"

"உன் படமா? நீ என்னிக்குக்கா சிரிச்சிகீற? கம்ப்யூட்டர் போட்ட படம். அதுக்கு இன்னா, ஓனரு கீறாங்களா?"

மாவு வாங்க வந்த வக்கீல் சத்யநாராயணனிடம் முறையிட்டாள்.

"வரைஞ்சது யாரும்மா?"

"ரேஷ்மா கேட்டா சார், அது போட்டுக் குடுத்துச்சு."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டது ஒருத்தர், வரைஞ்சது மெஷின். யாருக்குச் சொந்தம்னு சட்டமே இன்னும் யோசிச்சுட்டு இருக்கு. நோட்டீஸ் வேணா அனுப்பலாம். ஆனா இழுக்கும்."

இழுக்குமாம். மாவு விற்கிறவளிடம் சொல்லுகிற பேச்சா இது? அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் புளித்த மாவோடு சண்டைக்கு வந்துவிட்டார்கள். கை வலிக்க வலிக்கச் சேர்த்த நல்ல பெயர், எவனோ அரைத்த மாவில் கரைந்துகொண்டிருந்தது. ரத்தினபாய்க்கு அழுகை முட்டியது. அதையும் முறைத்தே அடக்கினாள்.

"வேற படம் கேட்கட்டுமாம்மா?" என்றாள் ரேஷ்மா.

"அதையும் சுட்டுடுவான். எவனும் ஆசைப்படாத படமா போடணும்."

பீரோவைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் அவள், போட்டோ எடுத்தவனையே அடிக்கக் கிளம்பியவள் போல இருந்தாள். ரேஷ்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புதுப் பாக்கெட் வந்தது. "முறைக்கிற அக்கா மாவு குடுங்க" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். சிரிக்கிற அம்மா வெற்றிவேலின் ஃப்ரிட்ஜிலேயே கிடந்து புளித்தாள். புதுப் படத்தை அவன் தொடவில்லை. அதற்கு ஓனர் யார் என்று அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு மாலை, அடுக்கி வைத்த பாக்கெட்டெல்லாம் தீரப்போவதைப் பார்த்து ரத்தினபாய்க்கு மனசு நிறைந்துபோனது. தன்னையறியாமல் வாய் நிறையச் சிரித்துவிட்டாள்.

எதிரில் நின்ற புது வாடிக்கையாளர் பாக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டார்.

"ஏம்மா, இது ஒரிஜினல்தானே?"

ரத்தினபாய் அவரை ஒரு முறை முறைத்தாள்.

"ரெண்டு குடுங்க" என்றார் அவர்.