பதினைந்து நிமிடப் பால்கோவா

ராஜபாளையத்து மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த கிருபாபாய், சேலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அடுப்படியில் உட்கார்ந்தாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன நாலு லிட்டர் பால் குண்டானில் இருந்தது. ஆராதனை முடிந்ததும் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலம்; சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பண்டங்களை ஏலம் விடுவார்கள். போன வருசம், எண்பத்தாறில், அவள் கொடுத்த கேக் அடியில் கருகிப்போய், கேட்பாரில்லாமல், கடைசியில் அவள் புருசன் தவசிமுத்துவே ஏலம் எடுத்தார். சபையே சிரித்தது. இந்தத் தடவை வேறொரு ஆள் வாய் திறந்து கேட்க வேண்டும். அவளுக்கு அது போதும்.

வாரப் பத்திரிகையில் கத்தரித்த தாள் மடியில் கிடந்தது. 'பதினைந்து நிமிடத்தில் பால்கோவா.'

"புத்தகத்துல போட்டிருக்கான், பொய்யா எழுதுவான்? அடுப்பைப் பத்த வைட்டி," என்றார் தவசிமுத்து.

"செத்த இருங்க. ஒரு லிட்டர் பாலும் கால் கிலோ சீனியும் போட்டா ஒரு கிலோ கோவா வருமாம். பாலு சுண்டவே வேண்டாமா?"

"முன்னப்பின்ன இருக்கும்."

"'பதம் வந்ததும் இறக்கவும்'ங்கான். என்ன பதம்னு சொல்லலை."

"மில்லுல அறுந்த நூலைத் தேடுத மாதிரியே தேடுத."

அவள் மறுபடி வாசித்தாள். முதலிலிருந்து கடைசிவரை, கை வலிக்கும் என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் இரண்டு ஆண்பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கிண்டி, வேர்வை வழிய நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அதையும் அவரிடம் சொன்னாள். இதை எழுதினவன் அடுப்புப் பக்கமே போயிருக்க மாட்டான்.

"அப்ப அவிய மாதிரியே கிண்டேன்."

"எந்தக் கையை வச்சு? ராத்திரி பூரா அறுந்த நூலை முடிச்சுப் போட்ட கை இது. நீங்க கிண்டுதீயளா?"

தவசிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவள் தாளை அடுப்பில் போட்டாள். பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆற்றி, தூக்குவாளியில் ஊற்றி அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோனாள்.

ஏலம் விட்ட சபை உபதேசியார் மூடியைத் திறந்தார். "ஏம்மா, பலகாரம்னுல்ல சொன்ன?"

"பாலுதான்யா. தண்ணி கலக்கலை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தவசிமுத்து கையைத் தூக்கப் போனார். அவள் முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"சும்மா இருங்க."

உபதேசியார் தூக்குவாளியை உயரத் தூக்கிக் காட்டினார். பொறவு டீக்கடை பொன்னுராஜ் எழுந்தார். "இருபது ரூவா, எனக்குக் குடுங்க. சாயந்திரக் கடைக்குப் பாலு பத்தாது."

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மூணாவது தரம் சொல்வதற்குள், கிருபாபாய் தூணில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.