ஹைதர் நாட்களுக்கு ஒரு பெயர்

கூண்டு வண்டி வந்தபாடில்லை. மணி அடித்து, ஜெபம் முடிந்து, ஆஜரும் எடுத்தாயிற்று. அன்னம்மாள் டீச்சர் ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். திரை போட்ட அந்த வண்டியில்தான் ஆம்பூர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் மிஷன் பள்ளிக்கு வருவார்கள். அவர்களில் மூத்தவள் பில்கிஸ். வருகிற மார்ச்சில் எட்டாவது பரீட்சை எழுதவேண்டியவள். அந்த வண்டியில் வந்த யாரும் அதுவரை எட்டாவதைத் தொட்டதில்லை. அவளை அந்த மட்டுக்குக் கொண்டுவர அன்னம்மாள் எத்தனை வாசலில் நின்றாள் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

முதல் இரண்டு நாள் மாட்டுக்குச் சுகமில்லையோ என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். இரண்டாம் வாரமும் வராதபோது அந்தச் சமாதானம் செல்லவில்லை. காரணம் தெரியாமல் இல்லை. பள்ளியின் ஆண்டு மலரில் ஊர்ச் சரித்திரம் எழுதியவள் அவள்தானே. எழுதாமல் இருந்திருக்கலாம். விதி விடவில்லை.

ஹைதர் அலியின் படை ஆம்பூரைப் பிடித்துக்கொண்டு, மலைக்கோட்டையைச் சூழ்ந்து கிடந்த நாட்களை என்னவென்று சொல்வது? சர்க்கார் புத்தகத்தில் 'எதிரியின் ஆக்கிரமிப்பு' என்றிருந்தது. பள்ளிக் கமிட்டி ஆதிகேசவன் அப்படியே போடச் சொன்னார். அன்னம்மாள் சம்மதிக்கவில்லை. பில்கிஸின் தகப்பனார் ஷபீ அஹமது சாயபு, தோல் பதனிடும் ஷெட் முதலாளி, மனம் புண்படுவாரே என்று ஆதிகேசவனுடன் மல்லுக்கு நின்று, 'ஹைதரின் ஆட்சி' என்று அச்சேற்றினாள். நடுநிலையாக எழுதிவிட்டோம் என்று அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கவும் செய்தாள். பாவம்.

மலர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து சாயபு அனுப்பும் அந்த வண்டி நின்றது. மூன்றாம் வாரம் பொறுக்கமாட்டாமல் குடையை எடுத்துக்கொண்டு ஷபீ அஹமதுவின் வீட்டுக்கே போய்விட்டாள். ஷெட்டிலிருந்து வரும் ஆவாரம்பட்டை வாடை தெருமுனையிலேயே முகத்தில் அடித்தது.

சாயபு மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கி, உங்களுக்கு மனக்கஷ்டம் வரக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன் என்றாள்.

"வருஷா வருஷம் எங்க வீட்லேர்ந்து உப்பில்லாத கஞ்சி உங்க பள்ளிக்கூடத்துக்கு வருமே, இன்னாத்துக்குன்னு கேட்டிருக்கீங்களா டீச்சரம்மா?"

வண்டிக்குத் துணை வரும் ஹலீமா பீ அதைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து வைப்பாள். ஏதோ பாத்தியா ஓதிக் கொடுக்கும் கஞ்சி என்று எண்ணி, அன்னம்மாள் ஊறுகாய் தொட்டுக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பாள். கேட்டதே இல்லை. அதைத்தான் மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டாள்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஹைதரை எதிர்த்த நவாபோட சிப்பாய். கோட்டைக்குள்ள இருந்தாரு. கீழ ஊரை ஹைதர் ஆளுங்க பிடிச்சிக்கிட்டப்ப மேல உப்புகூட இல்ல. இடுப்பு வாரை வேகவச்சுத் தின்னுட்டு அங்கியே மௌத்தாய்ட்டாரு. அவருக்குத்தான் அந்தக் கஞ்சி. அவரைக் கொன்னது உங்க புத்தகத்துல ஆட்சி. எதிரின்னு போட்டிருந்தாலும் நான் ஒண்ணும் கேட்டிருக்கமாட்டேன். முசல்மான்னா ஹைதர் பக்கம்தான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களே, அதான் தாங்கல."

அன்னம்மாளுக்குக் காது சுட்டது. வெட்கத்தில் தலையே நிமிரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக அச்சடித்து ஒட்டுகிறேன், கோட்டைக்குள் இருந்தவர்கள் பட்ட பாட்டை நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன் என்றாள். திங்கட்கிழமை வண்டி வரும் என்றார் சாயபு.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. பில்கிஸுக்கு விட்டுப்போன கணக்குகளையெல்லாம் சாயங்காலம் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று மளமளவென்று பேசிக்கொண்டே போனாள். சாயபு குறுக்கிட்டார்.

"சின்னதுங்க வரும். பில்கிஸ் வராது. பள்ளிக்கூடம் போகாம சும்மாதான வீட்ல இருக்குதுன்னு வாலாஜாபேட்டைலேர்ந்து பொண்ணு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை பேசி முடிச்சிட்டோம்."

பரீட்சை மட்டுமாவது எழுதட்டுமே என்று அன்னம்மாள் கெஞ்சினாள். இனி அது தன் கையில் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் விருப்பம் என்றார். அவர் குரலிலும் சந்தோஷமில்லை.

உள்வாசல் திரை அசைந்தது. "டீச்சர்," என்றது பில்கிஸின் குரல். "பரீட்சைக்கு என் பேரு அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேம்மா."

"எடுத்துடுங்க டீச்சர். அன்னிக்கு என்னைக் கூப்பிட்டுப் பாத்துட்டு, ஆஜர் இல்லன்னு போட்டுடப் போறாங்க."